படிப்பவரின் பங்குப் பீடி

(கிளைச் செயலாளர்களுக்கான கட்சிப் பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

முதலாளியைப் பற்றிப் பேசுவது எளிது. அவர் அரங்கில் இல்லை. அவரைச் சாடும் ஒவ்வொரு சொல்லுக்கும் கைதட்டல் கிடைக்கும். பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் தோழரோடு சேர்ந்து வேலை செய்வது எப்படி என்ற பேச்சுக்குக் கைதட்டல் கிடைப்பதில்லை. கேட்கும் ஒவ்வொருவரும் தம் கிளையிலுள்ள யாரோ ஒருவரை நினைத்துக்கொள்வார். அந்த ஒருவரும் இதே அரங்கில் அமர்ந்து வேறொருவரை நினைத்துக்கொண்டிருப்பார். ஆயினும் இதைப் பேசியே ஆக வேண்டும்.

கட்சியை விட்டு விலகுவோருள் கொள்கை மாறுபட்டு விலகுவோர் உண்டு. அவர்கள் தம் காரணத்தை எழுதிக் கொடுக்கின்றனர், அதற்கு விடை எழுதப்படுகிறது, விவாதம் நடக்கிறது. எதுவும் எழுதாமல் விலகுவோரும் உண்டு. சுவரொட்டி ஒட்டும் இரவுக்கு ஒருவர் தவறாமல் அழைக்கப்பட்டார். முடிவெடுக்கும் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை. இன்னொருவர் கிளையின் கணக்கைப் பல ஆண்டுகள் தனியே சுமந்தார். அதைச் சற்று நேரம் வாங்கிக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. மற்றொருவர் பலர் முன்னிலையில் ஒரே ஒரு சொல்லால் சிறுமைப்படுத்தப்பட்டார். சொன்னவர் மறந்துவிட்டார், கேட்டவர் மறக்கவில்லை. இவர்கள் எவரும் எதிர்முகாமுக்குப் போய்விடவில்லை. வீட்டுக்குப் போய்விட்டனர். அடுத்த ஆண்டு உறுப்பினர் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் ஓர் இடம் காலியாக இருப்பது தெரிகிறது.

இந்த இழப்பைக் குறைப்பதற்கான வழியை, உழைக்கும் மக்கள் தாமே நடத்திக் காட்டிய ஒரு பணிக்கூடத்தின் வரலாற்றிலிருந்து காணலாம். அது கேரளத்தின் கண்ணூரில் உருவானது.

கண்ணூரில் நடந்தது

1966ஆம் ஆண்டு நாடாளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளர் (வேலை நிலைமைகள்) சட்டத்தை நிறைவேற்றியது. வேலைநேர வரம்பு, வார விடுமுறை, ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு, பணிக்கூடத்தில் காற்றும் வெளிச்சமும் தூய்மையும் ஆகியவற்றை அச்சட்டம் வலியுறுத்தியது. அதைச் செயல்படுத்தும் பொறுப்பு மாநில அரசுகளிடம் இருந்தது. 1967இல் இ. எம். எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் அமைந்த ஐக்கிய முன்னணி அரசு, 1968இல் அச்சட்டத்தைக் கேரளத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

மங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பெரிய பீடி நிறுவனங்கள் இதற்கு அளித்த விடை, கண்ணூர்ப் பகுதியில் இருந்த பணிக்கூடங்களை இழுத்து மூடியதுதான். சுமார் 12,000 தொழிலாளர் வேலையிழந்தனர். சட்டம் கிடைத்தது, வேலை போனது. தொழிலாளர் உரிமை பேசினால் அடுப்பு எரியாது என்று காட்டுவதே அந்த மூடலின் நோக்கம்.

1969 பிப்ரவரியில் கேரள தினேஷ் பீடித் தொழிலாளர் மத்தியக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் செலுத்த வேண்டிய பங்குத் தொகையின் பெரும்பகுதிக்கு அரசு கடனளித்தது. அமைப்பு இரண்டு அடுக்குகளாக இருந்தது. தொழிலாளரை உறுப்பினராகக் கொண்ட தொடக்கச் சங்கங்கள் பணிக்கூடங்களை நடத்தின. மத்தியச் சங்கம் இலையும் புகையிலையும் வாங்கித் தந்து, சுற்றிய பீடியைச் சந்தைக்கு அனுப்பியது. சுமார் 3,000 பேருடன் தொடங்கிய வேலை, 1980களில் 40,000க்கும் மேற்பட்டோரின் பிழைப்பாக வளர்ந்தது. குறைந்தபட்ச ஊதியமும் விடுப்பும் வைப்புநிதியும் இங்கே முறையாகக் கிடைத்தன. நடைமுறைப்படுத்தவே முடியாது என்று முதலாளிகள் சொன்ன சட்டத்தை, அவர்கள் வேலையை விட்டு நீக்கிய அதே தொழிலாளர் நடைமுறைப்படுத்திக் காட்டினர்.

இதுவரை சொன்னது கட்சித் தோழர் பலரும் அறிந்த வரலாறு. இனி வருவது அந்தப் பணிக்கூடத்தின் அன்றாடத்தைப் பற்றியது.

மோசமான பீடி யாருடையது?

பீடி சுற்றுவது பார்ப்பதற்கு எளிய வேலை. இலையை நனைத்துப் பதப்படுத்த வேண்டும். தகட்டளவு வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். தூளை அளவோடு இட்டுச் சுற்ற வேண்டும். நுனியை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். தூள் சற்று மிகுந்தால் பீடி இழுக்காது. சற்றுக் குறைந்தால் தொளதொளத்து அணைந்துபோகும். இதை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை, ஒரே அளவில், ஒரே விரைவில் செய்ய வேண்டும்.

தனியார் நிறுவனங்களில் சுற்றிய பீடியைச் சரிபார்ப்பவர் முதலாளியின் ஆள். கழிவு என்று அவர் ஒதுக்கியதற்குக் கூலி இல்லை. நல்ல பீடியையும் கழிவில் சேர்ப்பது கூலியைத் திருடுவதற்கான வழியாக இருந்தது. அத்தகைய இடத்தில் தொழிலாளியின் மனம் எப்படி இயங்கும்? சரிபார்ப்பவரின் கண்ணில் படாமல் ஒரு மோசமான பீடியைக் கட்டுக்குள் செருகிவிட்டால் அது சிறு வெற்றி. திருடியவனிடமிருந்து ஒரு காசைத் திரும்பப் பெற்றது போன்ற நிறைவு. அந்த மனநிலையைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. அது ஒரு தற்காப்பு.

கூட்டுறவுச் சங்கம் அமைந்த மறுநாள் காலையில் அந்த மோசமான பீடிக்கு என்ன பொருள்? முதலாளி போய்விட்டார். கட்டுக்குள் செருகப்பட்ட தொளதொளத்த பீடி கடைக்குப் போகிறது. வாங்கியவர் முகம் சுளிக்கிறார். அடுத்த முறை வேறு பீடி கேட்கிறார். கடைக்காரர் அனுப்பாணையைக் குறைக்கிறார். பணிக்கூடத்துக்கு வரும் இலை குறைகிறது. இறுதியில் அந்தப் பீடிக்கான விலையைக் கொடுப்பவர் பக்கத்து வரிசையில் அமர்ந்திருக்கும் சக தொழிலாளி. கை அதே கைதான். நேற்று முதலாளிக்கு எதிரானதாக இருந்த செயல், இன்று தோழருக்கு எதிரானதாகிவிட்டது.

முதலாளி இல்லாத இடத்தில் ஒழுங்கு எங்கிருந்து வரும் என்ற வினாவைக் கண்ணூர்த் தொழிலாளர் நாள்தோறும் எதிர்கொண்டனர். மேற்பார்வையாளரை நீக்கிவிட்டு எல்லாரையும் நல்லவராக இருக்கச் சொன்னால் போதும் என்று அவர்கள் நம்பவில்லை. சரிபார்த்தல் தொடர்ந்தது; மேற்பார்வையும் இருந்தது. ஆனால் தொழிலாளர் தேர்ந்தெடுத்த குழுக்கள் பணிக்கூடங்களில் செயல்பட்டன. தகராறு எழுந்தால் பேசுவதற்கு இடம் இருந்தது. சரிபார்ப்பவரின் கை கூலியைத் திருடும் கை இல்லை என்ற உறுதி இருந்ததால், குறையைச் சொல்வது சண்டைக்கான அழைப்பாகக் கருதப்படவில்லை. இந்தச் சங்கத்தைப் பற்றி டி. எம். தாமஸ் ஐசக், ரிச்சர்ட் ஃபிராங்க், பியாரேலால் ராகவன் ஆகிய மூவரும் எழுதிய ஆய்வு நூல் 1998இல் வெளிவந்தது. பணித்தளத்தில் நிலவிய மக்களாட்சியே அந்நூலின் பேசுபொருள்.

கட்சிக் கிளைக்கும் இதே வினா உண்டு. கிளையில் முதலாளி இல்லை. ஊதியப் பிடித்தம் இல்லை, வேலைநீக்கம் இல்லை. அரைகுறையாக எழுதப்பட்ட தீர்மானமும், நேரத்துக்குக் கொடுக்கப்படாத இதழ்க் கட்டும், வசூலித்து ஒப்படைக்கப்படாத நிதியும் எவரைத் தாக்குகின்றன? மேலிடத்தையா? மறுநாள் அதே தெருவில் அதே வீட்டுக் கதவைத் தட்டப் போகும் இன்னொரு தோழரைத் தாக்குகின்றன.

படிப்பவரும் சுற்றுபவரும்

வட மலபாரின் பீடிப் பணிக்கூடங்களில் ஒரு வழக்கம் வேரூன்றியிருந்தது. கைகள் வேலையில் இருக்கும்போது காதுகள் ஓய்வாக இருக்கின்றன. ஆகவே ஒருவர் நாளிதழை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் பீடி சுற்றிக்கொண்டே கேட்பார்கள். நாளிதழோடு அரசியல் கட்டுரைகளும் நாவல்களும் படிக்கப்பட்டன. படித்ததன் மீது விவாதம் எழும். பள்ளிப் படிப்பு மிகக் குறைவாக இருந்த தொழிலாளருக்கு உலகச் செய்தியும் இலக்கியமும் அவ்வாறு வந்துசேர்ந்தன. தினேஷ் பணிக்கூடங்களிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது.

இதைப் பலரும் உருக்கத்துடன் எடுத்துரைப்பதுண்டு. உருக்கத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு, கணக்கைக் காண வேண்டும். பீடிக் கூலி எண்ணிக்கைக் கூலி. எத்தனை சுற்றினாரோ அத்தனைக்குத்தான் பணம். இதழைப் படிப்பவர் அந்த நேரத்தில் பீடி சுற்ற முடியாது. அவருடைய கூலி குறையும். அப்படியானால் ஏன் படிக்க வேண்டும்?

விடை எளியது. கேட்டவர்கள் ஒவ்வொருவரும் தாம் சுற்றிய பீடியில் ஒரு பகுதியைப் படித்தவருக்குக் கொடுத்தனர். அவருடைய கூலி குறையவில்லை. நாற்பது பேர் கேட்ட படிப்பின் செலவு நாற்பது பேருக்கும் பிரிந்து, ஒருவருக்கும் சுமையாகாத அளவுக்குச் சிறியதாகிவிட்டது.

தோழர்களே, ஒத்துழைப்பின் முழு இலக்கணமும் இந்தச் சிறிய ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது. அவர்கள் படித்தவரைப் பாராட்டி அனுப்பவில்லை, பொன்னாடை போர்த்தவில்லை, தியாகி என்று அழைக்கவில்லை. பீடியை எண்ணிக் கொடுத்தனர். பொதுநலனுக்காக ஒருவர் செலவிடும் நேரம் அவருடைய சொந்த இழப்பாக முடிந்துவிடக் கூடாது என்பதை நெறியாக மட்டும் கொள்ளாமல், எண்ணிக்கையாகவும் ஆக்கினர். நன்றியுணர்வு நாளுக்கு நாள் மாறும். எண்ணிக்கை மாறாது.

இனி ஒவ்வொரு கிளையும் தன்னைத்தானே ஒரு வினா கேட்டுக்கொள்ளலாம்: நம் கிளையில் படிப்பவர் யார்? அவருடைய பங்குப் பீடியை யார் சுற்றுகிறார்?

இதழுக்குச் சந்தா சேர்ப்பவர், கணக்கு எழுதுபவர், கூட்டக் குறிப்பு எடுப்பவர், வெளியூர்த் தோழர்களுக்குத் தங்குமிடமும் உணவும் ஏற்பாடு செய்பவர், அறிக்கைகளை மொழிபெயர்ப்பவர், நீதிமன்றத்துக்கு அலைபவர் ஆகிய அனைவரும் ஏதோ ஒரு வகையில் படிப்பவர்களே. கிளை முழுவதற்கும் தேவையான ஒன்றைச் செய்வதற்காகத் தம் நேரத்தைக் கொடுத்தவர்கள். அவர்களுடைய மற்ற பொறுப்புகளில் ஒன்றையேனும் பிறர் வாங்கிக்கொண்டனரா? வேலை தெரிந்தவர் என்ற ஒரே காரணத்தால் அடுத்த வேலையும் அவர் தலையில்தான் ஏற்றப்பட்டதா? நன்றாகச் செய்பவருக்குக் கூலி மேலும் வேலைதான் என்ற நிலை நிலவும் கிளையில், நன்றாகச் செய்பவர் நெடுநாள் இருக்கமாட்டார்.

ஒத்துப்போதலும் ஒத்துழைத்தலும்

தமிழில் ஒத்துப்போதல் என்றொரு சொல் உண்டு. ஒத்துழைத்தல் என்று இன்னொரு சொல்லும் உண்டு. முதற்பாதி இரண்டுக்கும் ஒன்றே. பிற்பாதியில் வேறுபாடு இருக்கிறது. ஒத்துப்போகிறவர் பிறர் போகும் திசையில் தாமும் போகிறார். அவருக்கு உழைப்பு தேவையில்லை, தலையசைத்தால் போதும். ஒத்துழைப்பு என்ற சொல்லுக்குள் உழைப்பு இருக்கிறது. கருத்து மாறுபட்டாலும் வேலையைப் பகிர்ந்துகொள்பவர் ஒத்துழைக்கிறார். கருத்து முழுவதும் ஒன்றாக இருந்தும் வேலை வரும்போது காணாமற்போகிறவர் ஒத்துப்போகிறார்.

கிளைக் கூட்டங்களில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் விளையும் கேடு பெரிது. எதிர்க்குரல் எழாத கூட்டம் ஒற்றுமையான கூட்டம் என்று குறிப்பேட்டில் எழுதப்படுகிறது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறுகிறது. பிறகு அதை நிறைவேற்ற நான்கு பேர் வருகின்றனர். கூட்டத்திலேயே ஐந்தாமவர், “இந்த நாளில் சந்தை கூடுகிறது, பிரசாரத்தை வேறு நாளில் வைத்தால்தான் ஆட்கள் கேட்பார்கள்” என்று மறுத்திருந்தால், அவர் ஒத்துப்போகவில்லை என்று முத்திரை குத்தப்பட்டிருக்கலாம். ஆயினும் அவர்தான் ஒத்துழைத்தவர். சனநாயக மத்தியத்துவத்தில் முடிவுக்கு முன் விவாதிக்கும் உரிமையும், முடிவுக்குப் பின் செயல்படும் கடமையும் சேர்ந்தே வைக்கப்பட்டுள்ளன. விவாதத்தில் வாய்திறக்காமல், செயலில் கைகொடுக்காமல் இருப்பவர் அவ்விரண்டையும் ஒருசேர மீறுகிறார்.

வழிநடத்துவோர் தேவையா?

எல்லாரும் சமம் என்றால் வழிநடத்துபவர் எதற்கு என்ற வினாவும் எழும். மூலதனம் முதல் தொகுதியில், பலர் சேர்ந்து செய்யும் உழைப்பைப் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் இதற்கு ஓர் உவமை தருகிறார். தனியே வயலின் வாசிப்பவர் தம்மைத் தாமே நடத்திக்கொள்கிறார். இசைக்குழுவுக்கோ நடத்துநர் ஒருவர் வேண்டும் என்பது அவ்வுவமையின் சாரம். பலர் சேரும் வேலையில் ஒருங்கிணைப்பு தவிர்க்கவியலாதது. முதலாளியின் கையில் அந்த ஒருங்கிணைப்பு அடக்குமுறையாகிறது என்பதே அவருடைய குற்றச்சாட்டு. ஆகவே செயலாளர் என்ற பொறுப்பு தீமையன்று. நடத்துநர் இசைக்கருவிகள் அனைத்தையும் தாமே பறித்துக்கொள்வதும், வாசிப்போரைக் கேளாமல் கையை மட்டும் வீசிக்கொண்டிருப்பதுமே தீமை.

வடகரைக்கு அருகே 1925இல் தொடங்கப்பட்ட ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இதற்கு வேறொரு சான்று தருகிறது. சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் சீடர்களுக்கு உள்ளூர் நிலவுடைமையாளர் வேலை தர மறுத்தபோது, அக்கூலித் தொழிலாளர் தாமே வேலைகளை ஒப்பந்தம் எடுக்கச் சேர்ந்தனர். நூற்றாண்டு கடந்த அச்சங்கம் இன்று சாலைகளும் பாலங்களும் கட்டுகிறது. ஆயிரக்கணக்கானோர் அதில் பணியாற்றுகின்றனர். அதன் இயக்குநர்கள் தொழிலாளருள் இருந்து தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். பகலில் பணித்தளங்களுக்குச் செல்வதும், மாலையில் கூடி அன்றைய வேலையை ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவர்களுடைய நடைமுறை. எங்கே சிமெண்டு வரவில்லை, எங்கே எந்திரம் நின்றுவிட்டது, எந்தத் தளத்தில் ஆள் மிகுதி, எதில் பற்றாக்குறை என்பது அன்றன்றே தெரிந்துவிட்டால், குறை ஒரு நாள் அளவிலேயே நின்றுவிடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழுவில் அதே குறை மூன்று மாத அளவுக்கு வளர்ந்து, அதற்குள் ஒருவர் மீது ஒருவர் கொண்ட மனக்கசப்பாகவும் மாறியிருக்கும். குற்றச்சாட்டுகள் பலவும் தாமதமாகச் சொல்லப்பட்ட செய்திகளே.

இந்தியன் காபி ஹவுஸ் வரலாறும் நினைவுகூரத் தக்கது. 1950களில் காபி வாரியம் தன் காபி நிலையங்களை மூட முற்பட்டபோது, தொழிலாளர் கூட்டுறவு அமைத்து அவற்றை எடுத்து நடத்த வேண்டுமென்று ஏ. கே. கோபாலன் வழிகாட்டினார். 1957இல் பெங்களூரில் முதல் சங்கம் அமைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் தில்லியிலும், 1958 மார்ச்சில் திருச்சூரிலும் தொழிலாளரின் காபி நிலையங்கள் திறக்கப்பட்டன. பரிமாறியவர்கள் உரிமையாளர் ஆயினர். உரிமையாளர் ஆன பின்னும் மேசையைத் துடைக்க வேண்டியிருந்தது. தண்ணீர்க் குவளையைக் கொண்டுவந்து வைக்க வேண்டியிருந்தது. உரிமை வந்ததும் மேசை துடைப்பது இழிவென்று ஒருவர் கருதியிருந்தாலும் அந்நிலையம் நிலைத்திருக்காது. பொறுப்பு உயர்ந்ததும் நாற்காலி எடுத்துப் போடும் வேலையை மறந்துவிடும் தோழர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

கூரையும் பெண்களும்

கண்ணூரில் நிறுவனங்களை மூடிய முதலாளிகள் பீடித் தொழிலையே கைவிட்டுவிடவில்லை. ஒப்பந்தக்காரர் வழியே வீட்டு வேலையாக அதை நடத்தும் முறை நாடெங்கும் பரவியிருந்தது. தமிழ்நாட்டின் திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் இன்றும் பெண்கள் தத்தம் வீடுகளில் அமர்ந்தே பீடி சுற்றுகின்றனர். ஒரே கூரையின் கீழ் நாற்பது பேர் அமர்ந்தால் ஒருவர் நாளிதழ் படிப்பார்; சங்கம் பிறக்கும். நாற்பது வீடுகளில் நாற்பது பேர் அமர்ந்தால் ஒவ்வொருவரும் கழிவைப் பற்றித் தனித்தனியே கெஞ்ச வேண்டியிருக்கும். ஒத்துழைப்புக்கு ஒரு கூரை வேண்டும் என்பதை முதலாளிகள் நன்கு அறிந்திருந்தனர்.

இன்று கிளைகள் பல வாட்ஸ்அப் குழுக்களாகச் சுருங்கிவருகின்றன. அறிவிப்பு அனுப்புவதற்கு அது பயன்படும். ஆனால் ஒரு தோழர் ஏன் மூன்று வாரமாக முகம் வாடியிருக்கிறார் என்பதைக் கைப்பேசி சொல்லாது. எழுத்தில் கடுமையாகத் தெரிந்த சொல், நேரில் கேட்டால் வெறும் களைப்பாக இருக்கும். குறித்த நாளில், குறித்த நேரத்தில், ஒரே கூரையின் கீழ் கூடும் பழக்கத்தைக் கைவிட்ட கிளை, முதலாளிகள் விரும்பிய வீட்டு வேலை முறைக்குத் தானே திரும்பிச் செல்கிறது.

கண்ணூரின் சாதனையைப் பேசும்போது அதன் குறையையும் மறைக்கக் கூடாது. சங்கத்தின் தொழிலாளருள் பெண்கள் பெரும்பான்மையாக வளர்ந்த பின்னும், தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் மிகக் குறைவாகவே இருந்தனர். மாலைக் கூட்டம் முடிய இரவாகிவிட்டால், சமையலும் குழந்தையும் காத்திருக்கும் வீட்டுக்கு உரியவர் அதில் எப்படிப் பங்கேற்பார்? அவர் ஆர்வமற்றவர் என்று முடிவுகட்டுவது எளிது. கூட்டத்தின் நேரத்தை மாற்றுவது சற்றுக் கடினம். எந்தக் கிளை கடினமானதைச் செய்கிறதோ, அங்கே பெண் தோழர்கள் நிலைத்திருப்பர். படிப்பவரின் பீடியைப் பிறர் சுற்றித் தந்தது போலவே, கூட்டத்துக்கு வரும் பெண் தோழரின் வீட்டு வேலையில் ஒரு பங்கை அவர் வீட்டு ஆண் ஏற்க வேண்டும். அவர் கட்சித் தோழராகவும் இருந்தால் அதைக் கிளையில் கேட்பதும் முறையே.

எல்லையும் பாடமும்

கூட்டுறவு எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. தொழிலாளரே நடத்தும் ஆலைகள் முதலாளி இல்லாமலும் உற்பத்தி நடக்கும் என்பதை மெய்ப்பித்துவிட்டன என்று பாராட்டிய மார்க்ஸ், அவை சிறு வட்டத்துக்குள் அடங்கியிருக்கும் வரை உழைக்கும் மக்கள் அனைவரையும் விடுவிக்க இயலாது என்பதையும் சுட்டினார். சட்டப்படி ஊதியம் தரும் தினேஷ் பீடி, சட்டத்தை மீறி மலிவாகச் சுற்றப்பட்ட பீடியோடு அதே கடையில் போட்டியிட நேர்ந்தது. 1990களில் சிறு சிகரெட்டுகள் வந்தன. புகையிலையின் தீங்கு குறித்த விழிப்பும் பரவியது. அது நியாயமான விழிப்பு. புகைப்பவருக்கும், தூளின் நடுவே நாள் முழுதும் அமர்ந்திருப்பவருக்கும் அது கேடு விளைவிப்பதே. பீடியின் காலம் முடிந்துவருகிறது என்பதைப் பீடித் தொழிலாளரின் சங்கமே ஏற்க வேண்டியிருந்தது.

அச்சங்கம் 1990களின் பிற்பகுதியில் உணவுப் பொருள், குடை, ஆயத்த ஆடை எனப் பிற தொழில்களுக்கு விரிந்தது. பின்னர்க் கணினித் துறைக்கும் சென்றது. பீடித் தொழிலாளரின் எண்ணிக்கை சில ஆயிரமாகச் சுருங்கியது. சங்கம் மறையவில்லை. கண்ணூரில் நிலைத்தது பீடியைவிட, பீடி சுற்றியபோது பழகிய சேர்ந்து வேலை செய்யும் முறை என்று கொள்வதே பொருந்தும்.

தோழர்களே, இவற்றிலிருந்து கிளைக்கு எடுத்துச்செல்லத் தக்கவை நான்கு.

முதலாவது, வேலைப் பட்டியல். யார் எதைச் செய்கிறார் என்பது எல்லாரும் காணும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதினால்தான் ஒரே பெயர் ஏழு இடங்களில் வருவதும், சில பெயர்கள் எங்கும் வராததும் கண்ணில் படும். வராத பெயர்களுள் சோம்பலானவர் சிலராகவும், இதுவரை எவரும் கேட்காதவர் பலராகவும் இருக்கக்கூடும்.

இரண்டாவது, குறை கூறும் முறை. குறையை அன்றே, உரியவரிடம், வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். “அறிக்கையில் வரவுக் கணக்கு விடுபட்டிருக்கிறது” என்பது விமர்சனம். “உங்களுக்கு எப்போதும் இதே வழக்கம்” என்பது வசை. முதலாவதைத் திருத்த முடியும். இரண்டாவதைச் சுமக்கத்தான் முடியும். உரியவர் இல்லாத இடத்தில் தேநீர்க் கடையில் கூறப்படும் விமர்சனம், அது எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், கட்சியின் சொத்தாவதில்லை.

மூன்றாவது, கற்றுக்கொடுத்தல். கணக்கு எழுதுபவருக்கு அருகில் ஓர் இளைய தோழர் அமர வேண்டும். தனக்கு மட்டுமே தெரிந்த வேலை தன் இடத்தைக் காக்கும் என்று எண்ணுவது சொத்துடைமையின் மனப்பாங்கு. அது செங்கொடி பிடித்த கைக்குள்ளும் நுழைந்துவிடுகிறது.

நான்காவது, வராத தோழரின் வீட்டுக்குச் செல்லுதல். இரண்டு கூட்டங்களுக்கு வராதவரிடம் மூன்றாவது கூட்டத்துக்கு முன் ஒருவர் செல்ல வேண்டும். நோட்டீசுடன் செல்ல வேண்டாம். நலம் விசாரிக்கச் சென்றால் போதும். நோயாக இருக்கலாம், கடனாக இருக்கலாம், எப்போதோ கூறப்பட்ட ஒரு சொல்லாகவும் இருக்கலாம். எதுவாக இருப்பினும், உறுப்பினர் பதிவு முடிந்த பிறகு அதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

இந்நான்கிற்கும் நிதி தேவையில்லை. மேலிட ஒப்புதலும் தேவையில்லை. இவ்வாரம் கூடும் கிளைக் கூட்டத்திலேயே தொடங்கலாம். குறிப்பேட்டின் அடுத்த வெற்றுப் பக்கத்தில் கிளையின் வேலைகள் அனைத்தையும் இடப்புறத்தில் எழுதுங்கள். எதிரே, இன்று அதைச் செய்பவரின் பெயரை எழுதுங்கள். மூன்றாவது பத்தியில், அவருக்குத் துணையாக அந்த வேலையில் ஒரு பங்கை ஏற்பவரின் பெயரை எழுதுங்கள். மூன்றாவது பத்தி நிரம்பும் வரை கூட்டத்தை முடிக்காதீர்கள்.